பழசுன்னா கொம்பா முளைச்சிருக்கு?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணிக்கு சுவாமிமலையிலிருந்து அக்காவின் போன். அந்த நேரத்தில் ஊரிலிருந்து போன் வந்தால் வயிற்றைக் கலக்குகிற வயசு எனக்கு. யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறி எடுத்தால், "தம்பி, உன் மருமகப்புள்ள பண்ணியிருக்கிற காரியத்தைக் கேளு. நல்லா ஓடிக்கிட்டிருந்த புது வண்டியைக் குடுத்துட்டு, மேல காசும் போட்டு, ஒரு ஓட்டை வண்டியை ஓட்டிட்டு வந்து வாசல்ல நிறுத்தியிருக்கான். தெருவே புகையா கெடக்கு" என்றாள்.

விசாரித்ததில் தெரிந்தது இது. பையனிடம் இருந்தது ஆர்15. வாங்கி மூணு வருஷம்கூட ஆகவில்லை. 155 சி.சி., முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக், ஏபிஎஸ், எஞ்சினைக் குளிர வைக்கத் தனியாக ரேடியேட்டர். ஸ்போர்ட்ஸ் பைக் என்று இந்தத் தலைமுறை சொல்கிற சாதி. அதைக் கொடுத்துவிட்டு, அக்கா கட்டிக்கொண்டிருந்த சீட்டுப் பணத்தில் 35 ஆயிரத்தை மேலே வைத்து, 1991ல் பதிவான ஒரு ஆர்எக்ஸ் 100ஐ வாங்கி வந்திருக்கிறான். அதாவது, தான் பிறப்பதற்கு முன்னால் யாரோ ஓட்டி, யாரிடமோ விற்று, அவர் இன்னொருத்தர் தலையில் கட்டி, கடைசியில் ஒரு புரோக்கர் கையில் பெயின்ட் அடிக்கப்பட்ட வண்டி.

நான் ஊருக்குப் போனபோது அதை வாசலில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பழைய வேட்டியைக் கிழித்துத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "மாமா, பீஸ் எப்படி?" என்றான். பீஸ்! கசாப்புக் கடையில் கேட்ட வார்த்தை. இப்போது வண்டிக்கும் அதே பெயர்.

திட்டலாம் என்று வாயைத் திறப்பதற்குள் தெருவில் போன நாலு பேர் நின்றுவிட்டார்கள். சைக்கிளில் போன வாத்தியார் இறங்கி டேங்கைத் தடவிப் பார்க்கிறார். பூக்கடைக்காரர், "இதுல உதைச்சா ஒரே உதைதான் தம்பி, ஸ்டார்ட்டு" என்கிறார். பாக்கு மென்றுகொண்டு ஒருவர் கண் கலங்கவே செய்தார். கல்யாணத்துக்கு முன்னால் இதே வண்டியில்தான் மாயவரத்துக்குப் படம் பார்க்கப் போவாராம். மூணு வருஷமாக அந்த வாசலில் நின்ற ஆர்15ஐ இவர்களில் ஒருத்தர் திரும்பிப் பார்த்தது கிடையாது. ஒருநாளில் என் மருமகன் தெருவுக்கே பெரிய மனுஷன் ஆகிவிட்டான்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. பையன் மேல் கால்வாசி. மீதி முக்கால்வாசி நம் எல்லார் மேலும்.

ஆர்எக்ஸ் 100 கெட்ட வண்டி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. 1985 நவம்பரில் இந்தியாவுக்கு வந்தது. அதுவரை நாம் ஓட்டிக்கொண்டிருந்தது கனத்த ராஜ்தூத்தும் எஸ்டியும் புல்லட்டும். அந்தக் கூட்டத்தில் 98 சி.சி.யில், நூறு கிலோ சொச்சம் எடையில், 11 குதிரைத்திறனோடு ஒரு வண்டி வந்து நின்றால் என்ன ஆகும்? எடை குறைவு, சக்தி அதிகம், சிக்னலில் பெரிய வண்டியெல்லாம் பின்னால் நிற்கும். அவ்வளவுதான் அதன் ரகசியம். 1996ல் உற்பத்தி நின்றது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும். உள்ளே போகும் பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலேயே சைலன்சர் வழியாக வெளியே போய்விடும். நம்ம ஆட்கள் கண்ணை மூடி, "ஆஹா, என்ன வாசனை!" என்று மூக்கால் இழுக்கிறார்களே, அது எரியாத பெட்ரோலும் ஆயிலும். அரசாங்கம் புகைக்கு வரம்பு கட்டக் கட்ட, இந்த சாதி எஞ்சினுக்கு நாட்டில் இடம் இல்லாமல் போனது.

செத்த பிறகுதான் தெய்வம் ஆவது நம் ஊரில் வழக்கமாச்சே! வண்டிக்கும் அதுதான் நடந்தது. விற்பனையில் இருந்தபோது அது ஒரு வண்டி. விற்பனை நின்ற பிறகு அது 'லெஜண்ட்'. இன்றைக்கு நன்றாகத் தேற்றிய ஆர்எக்ஸ் 100க்கு ஒரு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள், கொடுக்கிறார்கள். அதற்கு அண்ணன் ராஜ்தூத் 350. ஜப்பானில் பிறந்தபோது முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்த வண்டி அது. 1983ல் இங்கே செய்ய ஆரம்பித்தபோது செலவைக் குறைக்க அதை எடுத்துவிட்டு டிரம் பிரேக் வைத்தார்கள். 30 குதிரைத்திறன் எஞ்சின், நிறுத்துவதற்கு டிரம்! அந்த வண்டி விற்காமல் போனது. இன்று அதற்கு அடிதடி.

இது சுவாமிமலைப் பைத்தியம் மட்டும் இல்லை, உலகப் பைத்தியம். 2022 மே மாதம், 1955ல் செய்த ஒரு மெர்சிடஸ் கார் 13.5 கோடி யூரோவுக்கு ஏலம் போனது. உலகத்தில் அந்த மாதிரி இரண்டே இரண்டுதான் உண்டு. அது கோடீஸ்வரர் விளையாட்டு, விடுங்கள். அதற்குக் கீழே ஒரு படி இருக்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நல்ல சம்பளம் வாங்குகிற ஆசாமி, தன் புது ஸ்போர்ட்ஸ் காரைக் கொடுத்துவிட்டு அதே விலைக்கு இருபது, முப்பது வருஷப் பழைய ஃபெராரியை வாங்குவார். வாங்குகிற விலை ஒன்றுதான், வைத்துக்கொள்கிற விலை வேறு. ஃபெராரி 355 என்று ஒரு மாடல். அதில் டைமிங் பெல்ட் மாற்ற வேண்டுமானால் எஞ்சினையே வண்டியிலிருந்து கீழே இறக்க வேண்டும். பெல்ட்டின் விலை பெரிசில்லை, இறக்கி ஏற்றுகிற கூலிதான் ஆளைச் சாப்பிடும். அழகான குதிரை, ஆனால் தினமும் வைத்தியர் வேண்டும். அங்கே அந்த ஆசாமிக்குச் சம்பளம் இருக்கிறது. என் அக்காவிடம் இருப்பது சீட்டு.

மருமகனை உட்கார வைத்துக் கேட்டேன். அவனும் சளைத்தவன் இல்லை. "மாமா, புது வண்டி ஷோரூமை விட்டு வெளிய வந்த அன்னிக்கே விலை இறங்கிடும். வருஷா வருஷம் இறங்கிக்கிட்டே போகும். இது ஏறிக்கிட்டே போகும். இது இன்வெஸ்ட்மென்ட்" என்றான்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். விலை ஏறுவது எப்போது கைக்கு வரும்? விற்றால்தான் வரும். விற்கப் போகிறவன் "இதுதான் மாமா என் உயிர்" என்று சொல்லக் கூடாது. சரி, விற்காமல் வைத்திருக்கலாம் என்றால், விலை ஏற வேண்டுமானால் வண்டி ஓடக் கூடாது. ஓட ஓட பிஸ்டன் தேயும், பெயின்ட் போகும், 'ஒரிஜினல்' குறையும். ஓட்டாமல் மூடி வைக்க வேண்டும். அப்புறம் எதற்கு வண்டி? காதல் என்றால் லாபக் கணக்கு சொல்லாதே. லாபம் என்றால் காதல் என்று சொல்லாதே. இரண்டையும் ஒரே வாயில் சொல்கிற ஆட்களிடம்தான் புரோக்கர்கள் வாழ்கிறார்கள்.

அந்த 'ஒரிஜினல்' என்ற வார்த்தையைக் கொஞ்சம் சுரண்டிப் பார்ப்போம். கும்பகோணத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பழைய மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டு போனோம். அவர் ஒரு பீடி முடிவதற்குள் ஜாதகம் கணித்துவிட்டார். டேங்க் புதுசு, சந்தையில் கிடைக்கிற டூப்ளிகேட். மட்கார்டு புதுசு. சைலன்சர் வெளியே அடித்தது. சிலிண்டர் இரண்டு தரம் போர் பண்ணியது. கார்புரேட்டர் வேறு ஏதோ வண்டியுடையது. டேங்க்கில் இருக்கிற ஸ்டிக்கர்கூடப் போன வருஷம் அச்சடித்தது. "அப்ப எதுதாண்ணே பழசு?" என்றேன். சேசிஸைத் தட்டிக் காட்டினார். "இதுவும் இதுல இருக்கிற நம்பரும்." இந்த ஒரு நம்பருக்குத்தான் ஒரு ஆர்15உம் 35 ஆயிரமும்!

இது நடந்த ஊர் எது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. புதுசு என்றால் என்ன, பழசு என்றால் என்ன, ஒரிஜினல் என்றால் என்ன என்று இந்த நாட்டுக்கே பாடம் எடுக்கத் தகுதி உள்ள ஊர் சுவாமிமலை. அறுபது படி ஏறினால் முருகன். படி இறங்கி எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் பட்டறை. மெழுகில் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து உருவம் பிடிப்பார்கள். தென்னை ஓலையைக் கிழித்து மடித்து அதுவே அளவுகோல். முகம் இத்தனை, மார்பு இத்தனை, முழங்கால் இத்தனை என்று ஓலை மடிப்பு சொல்லும். மெழுகின் மேல் முதல் பூச்சு காவிரி வண்டல். மாவாட்டம் இருக்கும் அந்த மண்தான் மூக்கு நுனியையும் விரல் ரேகையையும் அப்படியே பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் களிமண், கம்பி. சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் செம்பும் பித்தளையும் ஈயமும், பேருக்குக் கொஞ்சம் வெள்ளியும் தங்கமும் உருக்கி ஊற்றுவார்கள். ஆறிய பிறகு மண்ணை உடைக்க வேண்டும். அச்சு போச்சு. அதே சிலையை இன்னொன்று எடுக்க முடியாது. மறுபடி மெழுகிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்புறம் வாரக்கணக்கில், மாசக்கணக்கில் உளி.

அப்படியானால் நேற்று வார்த்த சிலைதான் ஒரிஜினல். ஒவ்வொன்றும் ஒரிஜினல். 2023 செப்டம்பரில் ஜி20 மாநாட்டுக்காக டெல்லி பாரத் மண்டபத்தின் வாசலில் 27 அடி உயரத்தில் ஒரு நடராஜரை நிறுத்தினார்களே, அவர் பிறந்தது இந்த ஊர்ப் பட்டறையில்தான். இதே மெழுகு, இதே வண்டல். வந்த தலைவர்கள் யாரும் "இது சோழர் காலம் இல்லையா?" என்று கேட்டு முகம் சுளித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் பட்டறைக்கு வருகிற நம்ம ஆள் கேட்கிறான். எனக்கு வேண்டிய ஸ்தபதி ஒருவர் சொல்லிச் சிரித்தார். சிரிப்பில் சிரிப்பு இல்லை. "வர்றவங்க ரெண்டே கேள்விதான் கேக்கறாங்க. கிலோ என்ன விலை? ஆன்டிக் ஃபினிஷ் பண்ணித் தருவீங்களா?" ஆன்டிக் ஃபினிஷ் என்றால் என்ன தெரியுமா? மூணு மாசம் உட்கார்ந்து இழைத்துப் பளபளவென்று நிற்கிற அம்பாள் மேல் ரசாயனம் பூசிக் கறுக்க வைத்து, பச்சை பிடிக்க வைத்து, ஏதோ வயல்வெளியில் ஏர் கொழுவில் தட்டுப்பட்டுக் கிடைத்தவள் மாதிரி ஆக்குவது. "பொறந்த புள்ளைக்கு நரை பூசச் சொல்றாங்க சார். பூசிக் குடுக்கறோம். அதுக்குத்தான் காசு" என்றார்.

அந்த அம்மன் பிறகு ஏதோ ஒரு ஓட்டல் வரவேற்பறையில், மஞ்சள் விளக்குக்கு அடியில் நிற்பாள். பார்க்கிறவர்கள், "எவ்ளோ பழசு இருக்கும்?" என்று கேட்பார்கள். செய்தது யார் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இதே பட்டறையிலிருந்து ஒரு சிலையை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டுமானால், தொல்லியல் துறையிடம் போய் "இது பழசு இல்லை" என்று சான்றிதழ் வாங்க வேண்டும். 1972ல் வந்த தொல்பொருள் சட்டம், நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலை நாட்டை விட்டுப் போகக் கூடாது என்கிறது. நியாயமான சட்டம்தான். ஆக, காசு கொடுக்கிறவன் பழசாக்கு என்கிறான், கவர்மென்ட் புதுசுதான் என்று நிரூபி என்கிறது. நடுவில் ஸ்தபதி ஒரு கையில் ரசாயனப் புட்டியும் இன்னொரு கையில் விண்ணப்பமும் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

ஏன் அந்தச் சட்டம் வேண்டியிருக்கிறது என்றும் இந்த வட்டாரத்துக்காரர்களுக்குத் தெரியும். கும்பகோணத்தை ஒட்டி சிவபுரம். 1951ல் அங்கே மண்ணுக்கடியிலிருந்து ஒரு சோழர் காலத்து நடராஜர் கிடைத்தார். சில வருஷம் கழித்து, சீர் செய்ய வேண்டும் என்று அவரைக் கொடுத்தார்கள். திரும்பி வந்தது நகல். புதுசு கோயிலுக்கு, பழசு பம்பாய்க்கு! பரிவர்த்தனை கச்சிதமாக முடிந்தது. 1965ல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட், சோழர் சிலைகளைப் பற்றிய தன் புத்தகத்தில் கோயிலில் இருப்பது அசல் இல்லை என்று எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அசல் அமெரிக்கா போய், 1973ல் நார்ட்டன் சைமன் என்ற கோடீஸ்வரரின் ஃபவுண்டேஷன் அதை 9 லட்சம் டாலருக்கு வாங்கியது. இந்தியா வழக்குப் போட்டு, சமாதானம் பேசி, 1986ல்தான் நடராஜர் ஊர் திரும்பினார்.

இந்தக் கதையில் என்னை உறுத்துகிற இடம் வேறு. அத்தனை வருஷம் சிவபுரத்து ஜனங்கள் அந்த நகலுக்கு முன்னால் கைகூப்பினார்களே, அந்தக் கும்பிடு என்ன ஆச்சு? செல்லாமல் போய்விட்டதா? கோயிலைக் கேட்டால், உற்சவர் பின்னமாகிவிட்டால் புதுசு வார்த்துப் பிரதிஷ்டை பண்ணு என்கிறது. கும்பிடுகிறவனுக்கு வயசு கணக்கில்லை. வயசு பார்க்கிறவன் வாங்குகிறவன். திருடனும் அவனுக்காகத்தான் திருடுகிறான். 'பழசு என்பதே தகுதி' என்ற ஒரு நம்பிக்கை இல்லையென்றால் சிலைத் திருட்டு என்ற தொழிலே இல்லை. ஒரு ஸ்தபதியின் புதுச் சிலைக்குப் பேரம் பேசி, மண்ணுக்கடியில் கிடந்ததற்குக் கோடி கொடுக்கிற புத்திதான் ஸ்ரீபுரந்தான் கோயில் பூட்டை உடைத்தது. அந்த நடராஜரை ஆஸ்திரேலிய தேசிய கேலரி 2008ல் 50 லட்சம் டாலருக்கு வாங்கி, 2014ல் திருப்பிக் கொடுத்தது. விற்றவர்கள் கொடுத்த பத்திரமெல்லாம் பொய். எப்போதோ டெல்லியில் முறைப்படி வாங்கியது என்று ஒரு ரசீது!

பொய்ப் பத்திரம் என்றதும் எனக்கு மருமகன் ஞாபகம் வந்து, ஆர்.சி. புக்கை எடுத்துவரச் சொன்னேன்.

தலை சுற்றியது. 1991ல் பதிவு. சொந்த வண்டிக்கு முதல் பதிவு 15 வருஷம். அது 2006ல் முடிந்து, ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பித்திருக்கிறார்கள். 2016ல் அதுவும் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் யாரும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கமே போகவில்லை. அதாவது சட்டப்படி இது வண்டியே இல்லை, ஒரு இரும்புச் சாமான். புக்கில் இருக்கிற பெயர் யாரோ ஒரு பெரியவருடையது. வேறு மாவட்டம். இருக்கிறாரா, போய்ச் சேர்ந்துவிட்டாரா தெரியாது. விற்ற புரோக்கரின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. பையனிடம் இருப்பது ஒரு வெற்று ஃபாரம், அதில் ஒரு கையெழுத்து. இன்சூரன்ஸ்? "போட்டுக்கலாம்னு சொன்னாரு மாமா."

"உன் ஆர்15 புக்கு?"

"அதுவா? அதை வாங்கினவன்கிட்ட குடுத்துட்டேன்."

"பேரு மாத்தியாச்சா?"

பதில் இல்லை.

வாசகர்களில் எத்தனை பேர் இப்படி வண்டியை விற்றுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறீர்களோ எனக்குத் தெரியாது. தயவுசெய்து எழுந்து உட்காருங்கள். 2018ல் சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. வண்டி எத்தனை கை மாறினாலும், ஆர்.டி.ஓ. ரிக்கார்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர். விபத்து நடந்தால் நஷ்ட ஈடும் அவர் தலையில்தான். காசு வாங்கிவிட்டேன், சாவி கொடுத்துவிட்டேன் என்பதெல்லாம் எடுபடாது. இந்த நிமிஷம் அந்த ஆர்15 எந்த ஊர் ரோட்டில் எவன் கையில் சீறுகிறதோ, அதற்குப் பொறுப்பு என் அக்கா மகன். ஃபாரம் 29, ஃபாரம் 30 என்று இரண்டு காகிதம். அதை நிரப்பிக் கொடுக்கப் பொறுமை இல்லை. ஆனால் சைலன்சரைப் பாலிஷ் போட அரைநாள் இருக்கிறது!

பிரேக் விஷயம் இன்னும் மோசம். 125 சி.சி.க்கு மேல் விற்கிற எல்லா வண்டிக்கும் 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் கட்டாயம். சும்மா போட்ட சட்டம் இல்லை. 2022ல் மட்டும் இந்திய ரோடுகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44 பேர் டூவீலரில் போனவர்கள். அவன் கொடுத்துவிட்டு வந்ததில் ஏபிஎஸ் இருந்தது. வாங்கி வந்ததில் இரண்டு சக்கரத்திலும் டிரம், அதுவும் முப்பது வருஷம் தேய்ந்தது. கும்பகோணம் - தஞ்சாவூர் ரோட்டில், எதிரே போட்டி போட்டு வருகிற இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் ஃபீலிங்கை வைத்துக்கொண்டு பிரேக் பிடிக்க முடியாது.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது பையன் ஒன்று சொன்னான். அது மட்டும் என்னை நிறுத்தியது.

"மாமா, அந்த வண்டியில ஒரு சென்சார் போச்சுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. சர்வீஸ் சென்டர்ல லேப்டாப்பை மாட்டிப் பாத்து, பார்ட் வர பதினஞ்சு நாள் ஆகும்பாங்க. பக்கத்துல நின்னு பாக்கக்கூட விடமாட்டாங்க, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்து டிவி பாக்கணும். இது நாலு ஸ்பேனர் இருந்தா நானே பிரிச்சு மாட்டிருவேன். போன வாரம் கார்புரேட்டர் கழட்டித் துடைச்சேன். என் கையால."

இதில் உண்மை இருக்கிறது. விலை, வாசனை, லெஜண்ட் எல்லாம் சேர்ந்தும் தராத நியாயம் இதில் இருக்கிறது. தான் காசு கொடுத்து வாங்கிய சாமானின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிற உரிமையை நம்மிடமிருந்து மெல்லப் பிடுங்கிவிட்டார்கள். வண்டி மட்டும் இல்லை, செல்போன், டிராக்டர், மிக்ஸி வரைக்கும். 2022 டிசம்பரில் மத்திய அரசு 'ரிப்பேர் செய்யும் உரிமை' என்று ஒரு இணையதளம் தொடங்கியது. கம்பெனிகள் மேனுவலும் உதிரிபாக விவரமும் அதில் தர வேண்டும் என்பது யோசனை. அது சட்டமாகி, கும்பகோணத்து மெக்கானிக் கையில் அந்த லேப்டாப் சாஃப்ட்வேர் கிடைக்கிற நாளுக்காகச் சண்டை போடுங்கள், நானும் கொடி பிடிக்கிறேன். ஐடிஐ படித்த பையன் புது எஞ்சினைப் பிரிக்கத் தெரியாமல் பழசுக்குள் போய் ஒளிந்துகொண்டால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்குக் கொண்டாட்டம்தான். அவனுக்கு வேண்டியதும் அதுதானே?

அரசாங்கமும் லேசுப்பட்டதில்லை. பழைய வண்டியை உடைத்துப் போடு என்று 2021ல் ஒரு கொள்கை. டெம்போ வைத்துக் காய்கறி ஓட்டுகிறவன் பயந்து போயிருக்கிறான். அதே 2021ல் இன்னொரு விதி: ஐம்பது வருஷம் தாண்டிய வண்டி, ஒரிஜினல் கெடாமல் இருந்தால், 20 ஆயிரம் கட்டி 'விண்டேஜ்' என்று தனி நம்பர் வாங்கிக்கொள்ளலாம். தினப்படி ஓட்டக் கூடாது, கண்காட்சிக்குக் கொண்டு போகலாம். பணக்காரன் வீட்டுப் பழசு பாரம்பரியம், பிழைப்புக்கு ஓடுகிற பழசு குப்பை! முதல் ஆர்எக்ஸ் 100க்கு அந்த யோகம் 2035ல் வரும். மருமகனுடையது 1991. அவன் 2041 வரை காத்திருக்க வேண்டும்.

இதற்கிடையில் கம்பெனிகள் சுவாமிமலை வித்தையைக் கற்றுக்கொண்டுவிட்டன. திருவொற்றியூரில் அரை நூற்றாண்டுக்கு மேல் புல்லட் செய்தவர்கள் 2009ல் 'கிளாசிக்' விட்டார்கள், புது எஞ்சின், பழைய முகம். 2018ல் ஜாவா திரும்ப வந்தது, 2022ல் எஸ்டி. எல்லாம் ஆன்டிக் ஃபினிஷ்தான். ஆனால் ஒன்று, அவர்கள் பூசுகிற நரைக்குக் கீழே பிரேக் பிடிக்கிறது.

சாயங்காலம் காபி குடித்துவிட்டுக் கிளம்பும்போது, "கோவமா மாமா? ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க" என்று சாவியை நீட்டினான். வேண்டாம் என்றுதான் சொல்ல வந்தேன். அக்கா வேறு வாசலில் நின்று முறைக்கிறாள். இருந்தும் கை நீண்டுவிட்டது. ஒரே உதை. பூக்கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. காவிரிப் பாலம் வரைக்கும் போனேன். ஒரு நிமிஷம் இருபத்தைந்து வயசு குறைந்தது, மறைப்பானேன்? திரும்பி வரும்போது குறுக்கே ஒரு கன்றுக்குட்டி. பிரேக்கை மிதித்தேன், பிடித்தேன், வேண்டிக்கொண்டேன். மூன்றாவதுதான் வேலை செய்தது.

வண்டியைச் சுவரோரமாக நிறுத்தி, சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். பிரேக் ஷூ மாற்றி, பதிவைப் புதுப்பித்து, இன்சூரன்ஸ் போடும் வரை வண்டி தெருவில் இறங்கக் கூடாது என்று ஒப்பந்தம். அந்தப் பெரியவரின் வீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது என் பொறுப்பு. முதலில் ஆர்15ஐப் பெயர் மாற்ற வேண்டும். ஃபாரம் வாங்கி வைத்தாயிற்று, ஒரு கையெழுத்துதான் பாக்கி.

வாங்கினவனுக்கு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து போன் அடித்துக்கொண்டிருக்கிறோம். எடுக்கவில்லை.